ஷெர்வின் பூட்டிய பிரேக்

ஷெர்வினுக்கு மீன் குழம்பை வைத்த அன்றே ஊற்றினால் பிடிக்காது. மறுநாள் சுடவைத்துக் கொடுக்க வேண்டும். அம்மா போன பிறகு என் தம்பிக்கு இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள் நான்தான், சார். அவனுக்காகவே ஐரின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று விவேக் நகரில் சொல்வார்கள். எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

நான் வேலை செய்யும் அடுகோடிப் பட்டறையில் அவனைச் சேர்த்துவிட்டதும் நானே. பயிற்சி விமானங்களின் பிரேக்குகள் எங்களிடம் வரும். அவன் பிரித்துச் சுத்தம் செய்து, புது ரப்பர் வளையம் போட்டுப் பூட்டுவான். நான் சோதனை மேசையில் ஏற்றி, எண்ணெயை அழுத்திப் பார்ப்பேன். அழுத்தம் காட்டும் முள் இறங்காமல், எங்கும் கசியாமல் இருந்தால் கையெழுத்துப் போடுவேன். அதற்குப் பிறகுதான் விமானத்துக்குப் போகும்.

ஒருநாள் மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னான்.

"அக்கா, துபாய் வேலை கன்ஃபர்ம் ஆயிடுச்சு. நோராவுக்கும் விசா வந்துடும். அடுத்த மாசம் கெளம்பறோம்."

"நான்?"

"வருஷா வருஷம் வருவோம்ல."

நோரா அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண். நல்ல பெண்தான். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

அவன் கை கழுவப் போயிருந்தபோது, அவன் பூட்டி வைத்த பிரேக் ஒன்றைத் திறந்தேன். வளையத்தை பிளேடால் மெல்லக் கீறிவிட்டு மறுபடி பூட்டினேன். சோதனையில் ஒழுகும், வேலை சரியில்லை என்று நானே சொல்வேன், துபாய்க்காரர்கள் யோசிப்பார்கள். அவ்வளவுதான் என் எண்ணம். யாருக்கும் கெடுதல் இல்லாத வழி.

ஆனால் ஒழுகவில்லை. முள் அசையாமல் நின்றது. ஷெர்வின் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓகேவாக்கா?"

கீறல் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். தரையிறங்கும்போது பிரேக் சூடாகும், அந்தச் சூட்டில் அது விரியும் என்பதும் தெரியும். மறுபடி பிரிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பான். கீறலைப் பார்த்தால் யார் செய்தது என்று புரிந்துவிடும்.

"ஓகேப்பா" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

அம்ருதா என்ற மாணவி தனியாக ஓட்டிய விமானம் இறங்கும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்தது. மறுபக்கம் பிடிக்கவில்லை. விமானம் திரும்பிப் போய்ச் சுவரில் மோதியது. பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். மல்லேஸ்வரத்துப் பெண், சிரித்த முகம். அவளுக்காகக் குழந்தை இயேசு கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். தவறாமல் ஏற்றுகிறேன்.

என் சோதனைப் பதிவு சரியாக இருந்ததால், பழி பூட்டிய ஷெர்வின்மேல் விழுந்தது. வேலை போயிற்று, துபாய் போயிற்று. "நான் சரியாத்தானேக்கா போட்டேன்?" என்று என் மடியில் தலைவைத்து அழுவான். கோதிவிடுவேன். சின்ன வயதுக்குப் பிறகு அவன் என்னிடம் அப்படி வந்ததில்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாளைக்கு அவனைக் கைது செய்யப்போவதாகச் சொன்னீர்கள். அதனால்தான் வந்தேன். கீறியது நான். தெரிந்தே அனுப்பியது நான். அந்தப் பெண்ணைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள். அவனை விட்டுவிடுங்கள், வீட்டில் இருக்கட்டும்.

அவன் பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறதல்லவா? அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், சார்.