கார்வினுக்காகக் காய்ச்சிய ஏல்

விருந்துக்கு பீர் காய்ச்சச் சொன்னால் நான் முதலில் கேட்பது, யார் குடிக்கப் போகிறார்கள் என்பதைத்தான். டி.வி.யில் ஆட்டம் பார்க்கக் கூடுகிறவர்களுக்கு ஒரு மாதிரி, தோட்டத்தில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ பறித்துவிட்டு வெயிலில் காய்ந்து வருகிறவர்களுக்கு வேறு மாதிரி. எங்கள் ஊர் யாக்கிமாவில் தெருவுக்கு நாலு பேர் வீட்டில் காய்ச்சுகிறார்கள். ஆனாலும் தொண்டையில் லேசாக இறங்கும் ஏல் வகை பீர் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

மார்லிஸும் அப்படித்தான் வந்தாள். அவள் கணவன் கார்வின் குடியை விட்டு அந்த ஆகஸ்டோடு ஒரு வருஷம். அதைக் கொண்டாட வீட்டுப் பின்புறத்தில் சனிக்கிழமை விருந்து.

"எல்லாரும் கையில கிளாஸோட நிப்பாங்க வெர்ன். இவர் மட்டும் எலுமிச்சை ஜூஸ வச்சுக்கிட்டு முழிக்கக் கூடாது. அதே வாசனை, அதே கசப்பு இருக்கணும். போதை மட்டும் கூடவே கூடாது. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. இன்னொரு தடவை தொடங்கினால் அவன் ஈரல் தாங்காது என்றார். அன்று அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவனே நான்தான்.

முளைகட்டி உலர்த்திய வெளிறிய பார்லி மால்ட், நுரை நிற்கக் கொஞ்சம் ஓட்ஸ், கடைசியில் மணத்துக்காகத் தாராளமாக ஹாப்ஸ். மாம்பழமும் சாத்துக்குடியும் கலந்ததுபோல் காரேஜ் முழுக்க மணந்தது. இரண்டு வாரத்தில் நொதித்து அடங்கியது. போதை வேண்டாம் என்றால் அதன்பிறகு சூடு காட்ட வேண்டும். எண்பது டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் ஆல்கஹால் பெரும்பாலும் ஆவியாகிவிடும்.

நான் சூடு காட்டவில்லை. சூட்டில் ஹாப்ஸ் மணம் போய்விடும், மார்லிஸ் கேட்டது அதே வாசனையைத்தானே. ஆறியபின் புதிதாக ஹாப்ஸ் போட்டால் மணம் திரும்ப வரும் என்பதும் உண்மை. என் ஃப்ரீசரில் இரண்டு பொட்டலம் இருந்தன. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்தொரு வருஷம் கார்வின் வாரம் தவறாமல் என் காரேஜுக்கு வந்தான். என் மனைவி இறந்த பிறகு அவன் பேச்சில்தான் நான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குடியை விட்டதும் வருவதையும் விட்டான். கடையில் எதிரே பட்டால் "வரேன்டா" என்பான், வரமாட்டான். அந்த ஒரு வருஷத்தில் நான் யாரோடும் உட்கார்ந்து சிரித்ததில்லை. அவன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

பீப்பாய்க் குழாயில் ஒரு அட்டை கட்டி, பெயரையும் போதையின் அளவையும் எழுதித் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். காய்ச்சியவன் எழுதியதை யாரும் சந்தேகப்படுவதில்லை. 'கார்வின் ஏல், அரை சதவீதத்துக்கும் கீழே' என்று எழுதினேன். உள்ளே இருந்தது ஐந்து.

பாதி கிளாஸ் குடித்ததும் அவன் முகம் மாறியது. என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

"டேய் வெர்ன், சூடு காட்டினியா?"

"காட்டினேன்டா."

"சத்தியமா?"

"முப்பது வருஷமா என் கையால குடிக்கிறவன், இன்னைக்கு என்னடா புதுசா விசாரணை?"

சிரித்தான். கிளாஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் என்னை நம்பிவிடுவது அவனுக்கு வசதியாக இருந்தது. நான்கு கிளாஸ் குடித்தான். மார்லிஸ் என்னைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாள்.

நவம்பரில் அவனைப் புதைத்தோம். பெட்டி தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். இன்றும் காலையில் கண் விழித்ததும் அழுகைதான் வருகிறது. மார்லிஸோ, விருந்து வைத்ததே தப்பு, நானே அவரைக் கொன்றுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். அதைப் பார்க்க முடியாமல்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

கொல்ல நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. பழையபடி என்னோடு ஒரே ஒரு மாலை அவன் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. விருந்துக்கு மறுநாள் சாயங்காலமே என் காரேஜில் வந்து நின்றான்.

"மீதி இருக்காடா?" என்றான்.

விருந்துப் பீப்பாய் முந்தின நாளே காலி. அவனுக்கென்று இன்னும் மூன்று பீப்பாய் நிரப்பி, குளிரவைத்து, நான் தயாராக வைத்திருந்தேன்.