காருக்குப் புதுப் புத்தி

தொண்ணூறுகளின் கடைசியில், நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நர்சுகள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, எங்க காருக்குப் புதுப் புத்தி வெச்சுட்டாங்க!”

“காருக்குப் புத்தியா?”

“இஞ்சினுக்குள்ள சின்னதா கம்ப்யூட்டர் இருக்காம். அதோட சாஃப்ட்வேர்தான் சரியில்லையாம். புதுசு வந்துச்சான்னு இவரு மாசாமாசம் சர்வீஸ் சென்டர்ல போய்க் கேட்டுட்டே இருந்தாரு. நேத்துதான் பெங்களூர்ல இருந்து வந்துச்சு. ஒரு ஒயர சொருகி ஏத்திட்டாங்க. ஸ்பேனரையே தொடலக்கா!”

“ஹௌதா, அப்படியா! திம்பம் மலையில நடுவழில நின்னுச்சே, அதே வண்டிதானே?”

“அதேதான். பின்னாடி பூரா லாரி. இனிமே இதுல ஏறமாட்டேன்னு அழுதேன்ல? நேத்து சாமுண்டி மலைக்கு நானே ஓட்டினேன். ஒரு தடவைகூட நிக்கலக்கா! நாளைக்கு சத்தியமங்கலம் போய் அம்மாவக் கூட்டிட்டு வரப்போறோம். பஸ்ல மலை ஏறினா அவங்களுக்கு வாந்தி. அதனால எங்க வீட்டையே இன்னும் பாத்ததில்ல.”

பெரியவள் அவள் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“எங்கம்மாவும் சத்தியமங்கலத்துலதான் இருக்காங்க. திரும்பி வர்றப்ப பின் சீட்டுல அவங்களுக்கும் இடம் இருக்குமா?”