படுத்த எட்டு

"கம்ப்யூட்டர்ல எட்டைப் படுக்க வைக்க முடியலக்கா."

மலேசியாவில், ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகும் சாயங்கால பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் இப்படிச் சொன்னதும் நான் நாளிதழை மடித்துவிட்டேன். எண்பதுகளின் கடைசி, ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. இருவருமே டைப்பிஸ்டுகள் என்பது பேச்சில் தெரிந்தது. இளையவள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள்.

"எந்த எட்டு?" என்றாள் பெரியவள்.

"பரீட்சைப் பேப்பர்லக்கா. முடிவே இல்லன்னு காட்ட கணக்கு வாத்தியார் ஒரு குறி போடுவாரே, எட்டு படுத்திருக்கிற மாதிரி. புதுக் கம்ப்யூட்டர்ல தேடித் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்ல. ரொம்ப சூசாலா, கஷ்டமாப் போச்சு."

"அப்புறம்?"

"அந்த எடத்த மட்டும் காலியா விட்டு பிரிண்ட் எடுத்தேன். பேப்பரைப் பக்கவாட்டுல திருப்பி, பழைய டைப்ரைட்டர்ல சொருகி, ஒரு எட்டு அடிச்சேன். படுத்துக்கிச்சு."

பெரியவள் சத்தமாகச் சிரித்தாள். "கெட்டிக்காரிலா நீ! அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பிரின்சிபல் பார்த்துட்டாரு. 'மத்த எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு, இது மட்டும் என்னா பளிச்சுன்னு இருக்கு! கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தான்'னு ஒரே பாராட்டு. நாளைக்கு மத்த ஸ்கூல் டைப்பிஸ்டுங்க வராங்களாம். அவங்க முன்னால நான் கம்ப்யூட்டர்ல செஞ்சு காட்டணுமாம்."

பஸ் நின்றது. பெரியவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"தைரியமா காட்டு. கரண்டு போனாலும் இந்த ஒரு குறி மட்டும் வரும்னு மறக்காம சொல்லு."