பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம்

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் குறித்துக்கொள்ளப்பட்டுள்ளன. வயது ஐம்பத்திரண்டு. தொழில், தண்ணீர்க் குழாய் பழுதுபார்ப்பது. பாலத்தின் மேல் நடந்த விபத்துக்காக விசாரிக்கப்பட்டுவரும் வாடகைக் கார் ஓட்டுநர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்றும் அவர் என்னை மச்சான் என்றும் அழைப்பது வழக்கம். யாரும் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

விபத்துக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியளவில், மாப்பிள்ளை ஒரு சவாரியை முடித்துவிட்டு என் வீட்டு வழியாக வந்தார். ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்துவிட்டது, நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன் என்றார். ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டுவதற்கு ஒர்க்‌ஷாப்பா என்று நான்தான் கேலி செய்து அவரை நிறுத்தினேன். இருபது வருடமாக என் பழைய வேனுக்கு நானே ஆயில் மாற்றி வருகிறேன் என்ற மிதப்பு எனக்கு உண்டு. அதன் பிறகு அவர் கடைக்குப் போய் நான் சொன்ன ஆயிலும் புது ஃபில்டரும் வாங்கி வந்தார்.

முன் சக்கரங்களை இரும்புச் சரிவுகளின் மேல் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தோம். அதன் பிறகு நான் காருக்கு அடியில் போய், பழைய பேசின் ஒன்றை வைத்து, அடிப் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்தேன். வடிந்து முடிந்ததும் போல்ட்டைப் புது வாஷரோடு மாட்டினேன். அதன் பிறகு பழைய ஃபில்டரைக் கழற்றினேன். அது இறுகிப்போயிருந்ததால் பட்டை ஸ்பேனர் போட வேண்டியிருந்தது. கழன்றதும் ஆயில் முழங்கை வரை வழிந்ததால், அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன்.

மாப்பிள்ளை பக்கத்தில் குத்துக்காலிட்டு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று அவர் செய்த வேலை அது மட்டும்தான். அப்போது அவர், "மச்சான், பழைய ஃபில்டரோட ரப்பர் வளையமும் சேர்ந்து வந்துடுச்சான்னு ஒரு தடவை பாருங்களேன். சில நேரம் இன்ஜின்லயே ஒட்டிக்கும்னு ஸ்டாண்டுல சொல்லுவாங்க" என்றார். நான், "மாப்ள, நான் வாஷர் மாத்தியே சோறு சாப்பிடறவன். நீங்க டார்ச்சை நேரா பிடிங்க, போதும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு டார்ச்சை நேராகப் பிடித்தார்.

ஃபில்டர் உட்காரும் இடத்தை விரலால் ஒருமுறை தடவினேன். மெத்தென்று இருந்தது. படிந்த அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். அது அழுக்கு இல்லை, பழைய வளையம். அதன் மேலேயே, தனக்கென்று ஒரு வளையத்தோடு வந்த புது ஃபில்டரை வைத்துத் திருகினேன். அவர் கேட்டார், நான் பார்க்கவில்லை. சொட்டுகிற குழாய்க்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாஷர் போட்டுச் சமாளித்துப் பழகிய கை இது. கொஞ்சம் தடிமனாக உட்கார்ந்ததும் நன்றாகப் பிடித்துக்கொண்டது என்றே நினைத்தேன். அதன் பிறகு புது ஆயில் ஊற்றி, ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்பதுபோல மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அவர் பாலத்தில் ஏறும்போது இரண்டு வளையமும் பிதுங்கி ஆயில் மொத்தமும் சாலையில் கொட்டியிருக்கிறது. டாஷ்போர்டில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்ததுமே ஓரம் கட்டியதாக அவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் பின்னால் ஸ்கூட்டரில் வந்த தபால் அலுவலகப் பெண் அந்த ஆயிலில் வழுக்கி விழுந்து, வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. அவரைப் பார்க்க நான் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய், வார்டு வாசல் வரை சென்று திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பாலிதீன் பையை அவிழ்த்துப் பார்த்தேன். பழைய ஃபில்டரில் வளையம் இருக்க வேண்டிய பள்ளம் வெறுமையாக இருந்தது. அதன் பிறகு அதை மறுபடி கட்டி, பரணில் குழாய்த் துண்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஆயிலைத் தானே மாற்றியதாக மாப்பிள்ளை போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அன்று மாலை தெரிந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "உங்களையும் இழுத்தா உங்க தங்கச்சி ரெண்டு பேருக்கும் சேர்த்து அழணும் மச்சான். என்னோட போகட்டும், விடுங்க" என்றார். நான் சரி என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று மதியம் தங்கை வந்தாள். அவருடைய லைசென்ஸை ரத்து செய்யப்போகிறார்களாம், வண்டி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாதே என்று அழுதாள். அதன் பிறகு, "ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட்டதில்லை அந்த மனுஷன். உன்கிட்ட கொண்டு வந்திருந்தா நீ ஒழுங்கா செஞ்சு குடுத்திருப்பியேண்ணா" என்றாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் சமையலறைக்குப் போய், வெகுநேரம் அங்கேயே நின்றேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் இங்கே சொன்னால்தான் அங்கே சொல்ல வாய் வரும் என்று வந்தேன். பழைய ஃபில்டரைப் பையோடு ஒப்படைத்துள்ளேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். வளையத்தைப் பற்றிய இடத்தில் "தெரியாமல் நடந்துவிட்டது" என்று இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அதற்குப் பதிலாக "அவர் கேட்டார், நான் பார்க்கவில்லை" என்று எழுதச் சொல்லி, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே, நடந்தபடியே உள்ளது.

(ஒப்பம்)
குழாய் பழுதுபார்ப்பவர்

சொல்லச் சொல்ல எழுதியவர்: நிலைய எழுத்தர்