பன்னிரண்டாவது சரி

மனித உயிரைவிடப் பெறுமதியானது இந்த உலகத்தில் எதுவுமில்லை என்பதில் பாதுகாப்பு அதிகாரி சிவபாதசுந்தரத்தாருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த வாசகத்தை பிறேம் போட்டுத் தன் கதிரைக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அதற்குக் கீழே இருந்துகொண்டுதான், மாதம் பிறந்த முதல் நாளே, முழு மாதத்துக்குமான பரிசோதனைத் தாள்களில் கையெழுத்து வைப்பார். தாளுக்குப் பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு சரி. பிளேன்ரீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் மேலே ஓர் இரும்புத் தடியைத் தூக்கி வைப்பார்.

இதைச் சொன்னவர் நிலாம். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை, மின்வெட்டு, ஒரு மெழுகுதிரி, சுற்றிவர ஆறு பேர். கண்ணால் கண்டவர் அவருடைய மச்சான் பதியுதீன்… கூடை லொறியின் சாரதி. நீண்ட இரும்புக் கையின் நுனியில் ஆள் நிற்கக் கூடை பூட்டிய லொறி அது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. மாலை ஆறே முக்கால். கொட்டாஞ்சேனையில் துறைமுக மதிலோரமாகப் போகும் வீதி. குண்டுப் பயத்தில் கடைகள் நேரத்தோடு பூட்டிவிடும். ஒரு சென்றிப் பொயின்ற், இரண்டு ஆமிக்காரர், ஒரு நாய். அதற்கப்பால்… ஒருவருமில்லை.

ஒரு மாதத்துக்கு முன், அங்கேயுள்ள களஞ்சியத்தின் உச்சிக்குப் பெயின்ற் அடிக்கக் கூடையில் ஏறியவன் பீற்றர். நாற்பது அடி உயரத்தில் எஞ்சின் நின்றது. அப்படி நின்றால், கீழேயுள்ள கைப்பம்பை அடித்துக் கூடையை இறக்க வேண்டும். பம்பு இருந்தது. அதில் செருகுகிற கைப்பிடி இல்லை. பதியுதீன் லொறி முழுக்கத் தேடினார். துறைமுகத்தைப் பார்த்தபடி உயரத்தில் நிற்கிறவன் யாரென்று ஆமிக்காரன் துவக்கைத் தூக்கினான். பீற்றர் பயந்துபோய் இரும்புக் கையைக் கட்டிப்பிடித்து இறங்கப் பார்த்தான்… ஈரச் சாக்கு விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிவந்த ஆமிக்காரன் முதலில் கேட்டது அடையாள அட்டையை.

விசாரணை நடந்தது. அன்றைய தாளில் பன்னிரண்டாவது கேள்வி: அவசரக் கைப்பிடி? சரி. கீழே கையெழுத்து. ஆகவே பிழை பீற்றருடைய பொறுமையின்மை. அவனுடைய மனைவி மரியகொறற்றிக்கு அதை விளக்கி ஓர் அனுதாபக் கடிதம் போனது.

பீற்றர் செத்து முப்பத்தோராம் நாள். பெரிய டிரெக்டர் கமெராக்காரனோடு அதே வீதிக்கு வந்தார். பாதுகாப்பு அதிகாரி தானே கூடையில் ஏறிப் பரிசோதிக்கிற படம் கம்பனிச் சஞ்சிகைக்கு வேண்டுமாம். சிவபாதசுந்தரத்தார் புது ஹெல்மெற்றின் பொலித்தீனைக் கழற்றினார்.

"சேர், ஏற முந்தி ஒருக்காப் பாப்பமே," என்றார் பதியுதீன். "அண்டைக்குத் தேடின சாமான் இன்னம் கெடைக்கல்ல."

"உதெல்லாம் பாத்துச் சைன் வச்சாச்சு, தம்பி. நீர் தூக்கும்."

தூக்கினார். நாற்பது அடியில் எஞ்சின் ஒருமுறை இருமியது… நின்றது. வீதி விளக்குகளும் அணைந்தன. மின்வெட்டுத்தான் என்று சிவபாதசுந்தரத்தார் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். காற்றில்லை. ஆனாலும் கூடை… க்ரீச்… க்ரீச். பிறகு மணம். எனாமல் பெயின்ற், தின்னர், அதற்கடியில் துருப்பிடித்த மாதிரி இன்னொன்று. முதுகுக்குப் பின்னால் தாளில் பென்சில் உரசியது.

"சேர், டயர்?" மிக மரியாதையான குரல்.

அவர் திரும்பவில்லை. "சரி," என்றார். பழக்கதோஷம். கூடை ஒரு விரற்கடை சரிந்தது.

"எண்ணெய்?"

"சரி." இன்னொரு விரற்கடை.

"பேயிட்டையும் சரியெண்டோ சொன்னவர்?" என்று மெழுகுதிரிக்கு அப்பாலிருந்து யோகநாதன் கேட்டான்.

"உயிரெடுக்க மலக்கு வந்து கேட்டாலும் அந்தாளுக்குச் சரிதான்," என்றார் நிலாம். "பேசாமக் கேளுங்க."

பார்க்கவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கூடை நிமிர்ந்திருக்குமோ என்னவோ. கீழே டிரெக்டர் நின்றாரே. பதினோராவது 'சரி'யில் சிவபாதசுந்தரத்தாரின் ஒரு சப்பாத்து வழுக்கி அந்தரத்தில் தொங்கியது.

"கைப்பிடி?"

பென்சில் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து பதியுதீன் கத்தினார். "சேர்! பம்புட கைப்பிடி எங்க? நீங்க கண்டீங்களா?"

அவருக்குத் தெரியும். எங்கே இருக்கிறதென்று நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தார். பளிச்சென்று கமெரா மின்னியது. அந்த வெளிச்சத்தில் டிரெக்டரின் அண்ணாந்த முகம் தெரிந்தது.

"எல்லாம் சரி!" என்று கூவினார்.

அதே ஈரச் சாக்குச் சத்தம். அதே ஆமிக்காரன் ஓடிவந்தான். "ஐடென்டி கோ?" இம்முறையும் முதலில் அடையாள அட்டைதான்.

உயிர் போகவில்லை. இரண்டு காலும் போயின. இவ்வளவையும் அவர் ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்து பதியுதீனிடம் சொன்னார். கைப்பிடி எங்கே இருந்ததென்று மட்டும் சொல்லவில்லை.

படம் கழுவி வந்தது. கூடையில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கு ஹெல்மெற் இருக்கவில்லை. சஞ்சிகையில் அதைப் போடவில்லை.

லீவுக் கடிதம் கொடுக்கப் பதியுதீன் ஒபிசுக்குப் போனார். சிவபாதசுந்தரத்தாரின் அறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. மேசையில், மாதக் கடைசி வரைக்கும் சரி போட்ட தாள்கள். அவை பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தது பம்பின் கைப்பிடி.