நீராவி நாயகியும் நுரைத்த எஞ்சினும்

மேடையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் மகள் மேகலா அவர்களே, மன்றப் பொருளாளர் திருமுருகன் அவர்களே, தகவல் கேட்டதும் திருச்சியிலிருந்து கிளம்பி வந்திருக்கும் ரயில்வே அதிகாரி மீரா உசேன் அவர்களே, அறுவடை வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

துக்கத்தைப் பேசுவதற்கு முன் ஒரு மானக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வாசலில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்திருப்பீர்கள். அதில் மறைந்த அம்மையாரின் படம் தீப்பெட்டி அளவு. அஞ்சலி செலுத்தும் செயலாளராகிய என் படம் ஆளுயரம். கடைக்காரரிடம், "நம்ம முகமும் கொஞ்சம் தெரியட்டும் தம்பி" என்று சொன்னது நான்தான். விளைவு? இன்று காலை கமருன்னிஸா டீச்சர் ரோஜா மாலையோடு என் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்துவிட்டார். கதவைத் திறந்தது நான்! என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "வாங்கினது வாங்கிட்டேன், நீங்களே வெச்சுக்குங்க சார்" என்று மாலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சிரியுங்கள், தப்பில்லை. நம் தலைவர், நீராவி நாயகி சௌந்தரநாயகி அம்மையார் இருந்திருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பார்.

யார் அந்த அம்மையார்? ரயில்வேயில் வேலை பார்த்தவரா? இல்லை. எஞ்சினியரிங் படித்தவரா? இல்லை. அரிசி ஆலை நடத்தியவர். கணவர் காலமான பிறகு, நெல் அவிக்கும் பாய்லருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழில் பார்த்தவர். அவரிடம் ஒருமுறை கேட்டேன்: "ஏம்மா, ஆலையிலதான் நாள் பூரா வேகுறீங்களே, இந்தப் பழைய ரயில் எஞ்சினும் எதுக்கு?" அவர் சொன்னார்: "ரெண்டும் ஒரே ஆவிதான்யா. ஒண்ணு நெல்லை அவிச்சுது, இன்னொண்ணு அந்த அரிசியை ஊர் ஊராக் கொண்டுபோச்சு. ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னொண்ணைத் துருப்பிடிக்க விட்டா நல்லாவா இருக்கும்?"

பெரிய வரலாற்று நூல்களில் இல்லாத விளக்கம் இது. ரயிலின் வரலாறு என்றால் நாம் பாலத்தைத் திறந்தவர் பெயரைத் தேடுகிறோம். அம்மையார் மூட்டையைத் தேடினார். எந்த ஊர் அரிசி எந்த ஊர் உலையில் கொதித்தது என்று யோசித்தார். அதனால்தான் கைவிடப்பட்ட சரக்குப் பாதையில் ஒரு துண்டை ரயில்வேயிடம் கேட்டு வாங்கி, ஒரு நீராவி எஞ்சினையும் கேட்டு வாங்கி, இந்த மன்றத்தை உண்டாக்கினார். அதற்கு ரயில்வே போட்ட நிபந்தனை ஒன்றுதான். வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி முன்னிலையில் எஞ்சின் ஆவியில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் நகரத்து மியூசியத்துக்குப் போய்விடும்.

போன தை மாதம் என்ன நடந்தது? உங்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் திருமுருகன் இப்போதே கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எஞ்சினுக்கு மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். எல்லாம் சரி. பிறகு பாலாபிஷேகம். அதுவும் சரி. நான்கு குடம் பாலில் ஒன்றரைக் குடம் மிஞ்சியது. வீணாக்கக் கூடாதே என்று நம் பொருளாளர் பக்தியோடு மேலே ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, அவ்வளவையும் உள்ளே ஊற்றிவிட்டார்!

எஞ்சின் அசைந்தது. புகைபோக்கியிலிருந்து புகை வரவில்லை, நுரை வந்தது! விசில் கொப்பளித்தது. தீய்ந்த பால்கோவா வாசனை வாய்க்கால் வரைக்கும் போனது. மீரா உசேன் அவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றார். எஞ்சின் போயே போய்விட்டது என்று நினைத்தேன்.

அம்மையார் கோபப்பட்டாரா? "திருமுருகா, டிகாக்ஷன் ஊத்தாம விட்டியே, அதுவே போதும்" என்றார். அவ்வளவுதான். பிறகு அதிகாரியிடம் போனார். "தம்பி, வந்தவங்க சாப்பிடாமப் போகக் கூடாது" என்று வீட்டுக்கு அழைத்துப் போய் இலை போட்டார். சாப்பிட்டு முடித்ததும், "நாகூர் வரைக்கும் போகாமலா திரும்புவீங்க?" என்று தன் காரிலேயே தர்காவுக்கு அனுப்பினார். திரும்பி வந்தால் ராத்திரிச் சாப்பாடு, ஆலை விருந்தினர் அறையில் மெத்தை. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடந்திருக்காது.

இந்தப் பக்கம் நாங்கள்? எஞ்சின் ஆறக் காத்திருந்து, பால் தண்ணீரை வடித்து, பாய்லரைக் கழுவி, ஆலையிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினோம். வாழ்நாளில் வீட்டில் ஒரு குடம் தூக்காத நான் அன்று எத்தனை தூக்கினேன் என்று என் மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுகிறாள். அம்மையார் ஒவ்வொரு வால்வாகத் தொட்டுப் பார்த்து, "இன்னொரு தரம் கழுவுங்கப்பா, வழவழன்னு இருக்கு" என்றார். மறுநாள் மதியம் எஞ்சின் வாய்க்கால் பாலம் வரை ஓடி, மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. மீரா உசேன் அவர்கள் தலையை ஆட்டினார். எஞ்சின் நமக்கே என்று ஆனது! திருமுருகன் அழுதார். நான் அழவில்லை, கண்ணில் கரி விழுந்துவிட்டது.

அந்த அம்மையார்தான் போன வாரம் ஆலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்மூடினார். இனி வால்வைத் தொட்டுப் பார்க்க யார் இருக்கிறார்கள்? நம்மை ஒன்றாக நிற்கவைக்க யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வி எனக்கு இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது. பதில் ஒன்றுதான் தெரிகிறது. அவர் தொட்ட வால்வை இனி நாம் தொடுவோம். வருகிற தையிலும் எஞ்சின் ஓடும். அதற்கடுத்த தையிலும் ஓடும். மேகலா அவர்களே, ஆலைத் தண்ணீரை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள், மற்றதை இந்தக் கைகள் பார்த்துக்கொள்ளும். இது சௌந்தரநாயகி அம்மையார்மீது சத்தியம்!

உட்காரும் முன் ஒரு சின்ன விஷயம். சற்று முன் மீரா உசேன் அவர்களிடம், "எங்க எஞ்சினை மியூசியத்துக்கு விடாமக் காப்பாத்திக் கொடுத்தீங்க" என்று நன்றி சொன்னேன். அவர் திகைத்துப் போனார். "மியூசியத்துக்காரங்களே எஞ்சின் வேணாம்னு சொல்லி அப்பவே ஒரு மாசம் ஆயிருந்துச்சே சார். அன்னைக்கு இலையில உட்கார்ந்ததுமே அம்மாகிட்ட சொல்லிட்டேனே!"

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'சரி தம்பி, இதை வெளிய சொல்லாதீங்க. நாளைக்கு வரைக்கும் இருங்க. நீங்க முறைச்சுக்கிட்டு நின்னாத்தான் எங்க ஆளுங்க வேலை பாப்பாங்க'ன்னாங்க."