முக்கோணமாகிப் போன போர்வை

தலைமை ஏற்றுத் தாயன்போடு அமர்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையை முழுமையாக நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மடியில் குழந்தையும் பையில் நூல்கண்டுமாக வந்திருக்கும் தாய்மார்களே, மனைவி சொல்லை மறுக்க முடியாமல் வந்திருக்கும் மாண்புமிகு கணவன்மார்களே, இன்று முதன்முதலாகக் குரோஷா ஊசியைப் பிடிக்கப்போகும் என் தோழிகளே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பின்னல் வகுப்பைத் தொடங்கி வைக்க ஒரு நிபுணரை அழைத்திருக்கலாம். என்னை ஏன் அழைத்தார்கள்? இந்த ஊசியிடம் என்னைப் போல் தோற்றவர் எவரும் இல்லை என்பதால் அழைத்தார்கள்.

என் தங்கை கருவுற்றிருந்தபோது, குடும்பமே கூடியிருந்த கூடத்தில் குரலுயர்த்திச் சொன்னேன்: "குழந்தைக்குப் போர்வை என் கையாலதான்."

தங்கை சிரித்தாள். "அக்கா, நீ வாங்கின கிடார் கட்டிலுக்கு அடியில தூங்குது. நீச்சல் ரெண்டே நாள். எதையாவது முடிச்சிருக்கியா நீ?"

அவையோரே, அவள் சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா? இல்லை. அதனால்தான் சுட்டது. குழந்தை பிறப்பதற்குள் போர்வை முடிய வேண்டும். முடியாவிட்டால் 'எதையும் முடிக்காதவள்' என்ற பெயர் எனக்கு ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

வரிக்கு அறுபது கண்ணி, அதாவது அறுபது நூல் வளையம் என்று தொடங்கினேன். பின்னப் பின்ன நீளம் வளர்ந்தது, அகலம் தேய்ந்தது. பத்தே நாளில் போர்வை முக்கோணமாகி நின்றது. என் கணவர் தூக்கிப் பார்த்து, "கப்பல்பாய் நல்லா வந்திருக்கு. கப்பல் எங்க?" என்றார்.

அங்கே சிரிக்கும் ஐயா, தாராளமாகச் சிரியுங்கள். அன்று நான் அழுதேன். பிரித்தேன், பின்னினேன், மறுபடியும் முக்கோணம்.

மதிய இடைவேளையில் அதை மேசைமேல் வீசிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் அலுவலக வண்டி ஓட்டுநர், காத்திருக்கும் நேரமெல்லாம் குல்லாய் பின்னுபவர், எட்டிப் பார்த்தார்.

"மேடம், வரி முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு ஒரு கண்ணி முன்னாடியே திரும்பிடுறீங்க. வரிக்கு ஒண்ணு போனா என்னதான் மிஞ்சும்?"

"போதும் அண்ணே. இனிமே இதைத் தொடப் போறதில்ல."

"போர்வையை நினைக்காதீங்க. இன்னிக்கு ஒரு வரி, அவ்வளவுதான். கடைசிக் கண்ணியில ஒரு ஊக்கை மாட்டுங்க. ஊக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்புங்க."

பேருந்தில் ஒரு வரி. பால் காயும் நேரத்தில் ஒரு வரி. பல் மருத்துவர் வாசலில் பயத்தோடு ஒரு வரி. ஒவ்வொரு முறையும் ஊக்கு வரை போனேன். ஓரம் நேரானது.

ஆனால் குழந்தை என் வரிகளுக்காகக் காத்திருக்கவில்லை. மூன்று வாரம் முந்திப் பிறந்துவிட்டாள். பாதிப் போர்வையோடு, ஊசி தொங்க, நூல் தொங்க, தலையும் தொங்க மருத்துவமனைக்குப் போனேன்.

"முடிக்கலடி," என்றேன்.

தங்கை அதை வாங்கிக் குழந்தைமேல் போர்த்தினாள். கழுத்திலிருந்து கால்விரல் வரை கச்சிதமாக இருந்தது. ஊசியைக் கழற்றப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் அக்கா. இவ வளர வளர நீயும் பின்னு. முடிச்சிடாத."

இப்போது அந்தக் குழந்தைக்கு நான்கு வயது. போர்வை கட்டிலைத் தாண்டித் தரையைத் தொடுகிறது. "பெரியம்மா, இன்னிக்கு வரி போட்டியா?" என்று தினமும் விசாரணை வேறு. முடிக்காதவள் என்று பெயரெடுத்த நான், நிறுத்தாதவள் என்று பெயரெடுத்திருக்கிறேன்.

தோழிகளே, கோணல் வருமா? வரும். பிரிக்க நேருமா? நேரும். பிரித்த நூல் எங்கே போய்விடும்? உங்கள் மடியில்தான் கிடக்கும். எடுங்கள், மீண்டும் தொடங்குங்கள். முழுப் போர்வையைப் பார்த்து மலைக்காதீர்கள். முடித்த ஒரு வரியைப் பார்த்து மகிழுங்கள்.

செவிகொடுத்த உங்களுக்கும், தோற்றவளுக்கு மேடை கொடுத்த நூலகர் அம்மாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. என் பேச்சு இதோடு முடிகிறது; உங்கள் முதல் வரி இனி தொடங்கட்டும். வணக்கம்.